சலுகை அவர்கள் கையில்... வட்டி உங்கள் கழுத்தில்!



ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக் கொண்டிருந்தேன். ஓர் இளைஞர் வந்து கையைப் பிடித்துக் கொண்டார். எட்டு வருடம் குவைத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பி, கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருப்பவர். ஐவேளையும் ஜமாஅத்தோடு தொழக்கூடிய பிள்ளை.

"ஹஜ்ரத், சென்னையில் ஒரு பிளாட் பார்த்திருக்கிறேன். குடியிருக்க இல்லை, வாடகைக்கு விடத்தான். கையில் இருப்பது போதாது, பாங்கில் லோன் போட வேண்டும். வட்டி ஹராம் என்று எனக்குத் தெரியும். ஆனால் கட்டுகிற வட்டிக்கு வருமான வரியில் கழிவு கிடைக்கும் என்கிறார்கள். அரசாங்கத்துக்குப் போக வேண்டிய பணம்தானே பாங்குக்குப் போகிறது? அப்படிப் பார்த்தால் என் கையிலிருந்து வட்டி போகவே இல்லையே!"

மார்க்கத் தீர்ப்பை ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். அது அவருக்கும் தெரிந்த தீர்ப்புதான். அவரைத் தூங்க விடாமல் செய்தது அந்த வரிக் கணக்கு. இதே கேள்வியை இதற்கு முன்பு மூன்று நான்கு ஊர்களில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆகவே மார்க்கத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் அந்தக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். வட்டி லாபம் என்று சொல்பவன் கணக்கிலாவது ஜெயிக்கிறானா, பார்த்துவிடலாம்.

பிளாட் விலை 60 லட்சம். கையில் இருப்பது 15 லட்சம். கடன் 45 லட்சம். வட்டி 9 சதவீதம், 20 வருடம். மாதத் தவணை ஏறத்தாழ ரூ.40,500. முதல் வருடத்தில் வட்டியாக மட்டும் போவது சுமார் 4 லட்சம். சரி, வாடகை எவ்வளவு வரும்? மாதம் ரூ.15,000 என்று வைத்துக் கொள்ளுங்கள். வருடத்துக்கு 1 லட்சத்து 80 ஆயிரம். வட்டிக்கும் வாடகைக்கும் இடையே 2 லட்சத்து 20 ஆயிரம் பள்ளம் இருக்கிறது. அசல் தவணை தனி. வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள், பெயின்ட், மோட்டார் ரிப்பேர் எல்லாம் தனி.

இந்தப் பள்ளத்தை வரிச் சலுகை நிரப்பிவிடும் என்றுதான் ஆசை காட்டுகிறார்கள். நிரப்புகிறதா?

வாடகை வருமானத்துக்கு வரி போடும் முறை இது. வந்த வாடகையில், நீங்கள் கட்டிய வீட்டு வரியைக் கழிக்கலாம். மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கு என்று கழிக்கலாம். ரசீது கேட்க மாட்டார்கள். அதற்கு மேல் கடன் வட்டியையும் கழிக்கலாம் என்றது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு. வீட்டு வரியை விட்டுவிட்டுப் பார்த்தால், 1,80,000 வாடகையில் 54,000 கழிய மிச்சம் 1,26,000. அதிலிருந்து 4 லட்சம் வட்டியைக் கழித்தால் 2,74,000 'நஷ்டம்'. ஒரு காலத்தில் இந்த நஷ்டம் முழுவதையும் சம்பளத்திலோ வியாபார வருமானத்திலோ கழித்துக் கொள்ளலாம். 30 சதவீத வரி கட்டுபவருக்கு வருடம் ரூ.82,200 மிச்சம். பிளாட் விற்பவர்கள் காட்டும் சலுகைக் கணக்கெல்லாம் அந்தக் காலத்துக் கணக்குதான்.

2017 பட்ஜெட் வந்தது. வீட்டு நஷ்டத்தில் வருடத்துக்கு 2 லட்சம் வரைதான் மற்ற வருமானத்தில் கழிக்கலாம் என்று கத்தரித்தார்கள். 82,200 என்பது 60,000 ஆகச் சுருங்கியது. மீதி நஷ்டத்தை 8 வருடங்களுக்குள் வீட்டு வருமானத்தில் மட்டும் கழித்துக் கொள் என்றார்கள். வருடா வருடம் நஷ்டமே வந்து கொண்டிருந்தால் எதில் கழிப்பது?

2020இல் 'புதிய வரி முறை' என்ற ஒன்றைக் கொண்டு வந்தார்கள். 2023-24 நிதியாண்டு முதல், வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதவர்கள் எல்லோருக்கும் அதுதான் முறை என்று ஆக்கினார்கள். அந்த முறையில் வாடகை வீட்டு வட்டியை வாடகை அளவுக்குத்தான் கழிக்கலாம். அதற்கு மேல் சம்பளத்திலும் கழிக்க முடியாது, வியாபாரத்திலும் கழிக்க முடியாது. 60,000 பூஜ்யம் ஆனது! 1961 சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து, பிரிவு எண்கள்கூட மாறிவிட்டன.

கடன் மட்டும் மாறவில்லை. 2015இல் முழுச் சலுகையை நம்பி 20 வருடக் கடன் வாங்கியவர் 2035 வரை கட்டியாக வேண்டும். சலுகையை எடுத்துவிட்டோமே, தவணையைக் குறைத்துக் கொள் என்று பாங்குக்கு யாராவது உத்தரவு போட்டார்களா?

இன்னொரு வேடிக்கை. அந்தச் செல்போன் கடைத் தம்பியிடம் வருட வருமானம் எவ்வளவு என்று கேட்டேன். ஏழு லட்சம் தேறும் என்றார். 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில், நாட்டில் வசிப்பவருக்கு 12 லட்சம் வரை வரியே இல்லை. கட்ட வேண்டிய வரியே இல்லாதவருக்கு எந்த வரியில் கழிவு? "அரசாங்கத்துக்குப் போக வேண்டிய பணம்" என்றாரே, அப்படி ஒரு பணமே அவரிடம் இல்லை. அவர் பார்த்திருந்த பிளாட்டின் வட்டி முழுவதும், காசுக்குக் காசு, அவருடைய கல்லாவிலிருந்துதான் போயிருக்கும்.

இது நம் நாட்டில் மட்டும் நடந்த கதை என்று எண்ணி விடாதீர்கள். இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே 1996 முதல், வாடகைக்கு விடுவதற்கென்றே வீடு வாங்கத் தனி அடமானக் கடன் கொடுக்க ஆரம்பித்தார்கள். பை டு லெட் என்று பெயர். ஓய்வூதியத்தை நம்பாதே, ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடு என்று நாடே பேசியது. கூலிக்குப் போனவர்கள், டாக்சி ஓட்டியவர்கள், மளிகைக் கடை வைத்தவர்கள் எல்லாம் இரண்டாவது வீடு வாங்கினார்கள். நம் சமுதாயத்தவர்களும் அதில் உண்டு. வட்டியை முழுவதுமாக வாடகையில் கழித்துக் கொண்டு மிச்சத்துக்கு வரி கட்டினால் போதும் என்பதுதான் அங்கேயும் தூண்டில்.

2015 ஜூலையில் அன்றைய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அந்தத் தூண்டிலை எடுத்துவிட்டார். 2017 ஏப்ரலில் ஆரம்பித்து வருடத்துக்குக் கால் பங்காகக் குறைத்து, 2020 ஏப்ரலில் வட்டிக் கழிவு அடியோடு நின்றது. பதிலுக்கு வட்டியில் 20 சதவீதத்தை மட்டும் வரியில் தள்ளிக் கொடுத்தார்கள். (நம் நாட்டில் வட்டிக் கழிவைக் கொடுத்தது 24ஆம் பிரிவு. அங்கே அதைப் பறித்த 2015 நிதிச் சட்டத்திலும் அது 24ஆம் பிரிவுதான்!)

அதன் விளைவு என்ன? வருட வாடகை 12,000 பவுண்டு, வட்டி 9,000 பவுண்டு உள்ள ஒருவரை எடுத்துக் கொள்ளுங்கள். கையில் நிற்பது 3,000. அவர் 40 சதவீத வரி கட்டுபவர். பழைய முறையில் 3,000க்கு வரி 1,200. கையில் 1,800 மிஞ்சியது. புதிய முறையில் 12,000 முழுவதற்கும் வரி 4,800. அதில் வட்டியின் 20 சதவீதமான 1,800ஐத் தள்ளினால் கட்ட வேண்டியது 3,000. கையில் நின்ற அத்தனையும் வரிக்கே போய்விட்டது! அடுத்து வட்டி விகிதம் ஏறியது. 2021 டிசம்பர் தொடக்கத்தில் 0.1 சதவீதமாக இருந்த இங்கிலாந்து மத்திய வங்கியின் விகிதம் 2023 ஆகஸ்டில் 5.25 ஆனது. வாடகை வாங்கியும் கைக்காசு போட்டு வரி கட்ட வேண்டிய நிலை வந்தது. அதோடு விட்டார்களா? இரண்டாவது வீடு வாங்குபவருக்குப் பத்திரச் செலவில் கூடுதலாக 3 சதவீதம் என்று 2016 ஏப்ரலில் போட்டார்கள். 2024 அக்டோபர் 31 முதல் அதை 5 சதவீதம் ஆக்கினார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே தெருவில் கடன் இல்லாமல் வீடு வாங்கி அதே 12,000 பவுண்டு வாடகை வாங்கியவருக்கு 2015இலும் வாடகை வரி 4,800, 2020இலும் அதே 4,800. அந்த 24ஆம் பிரிவு அவர் வாசலைத் தட்டவே இல்லை. சட்டம் தேடிப் பிடித்து அடித்தது வட்டிக்கு வாங்கியவரை மட்டும்தான்!

வட்டியின் பக்கம் போகாமல் உழைத்த காசில் வாங்கியவர்களுக்குப் பிரச்சினையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. இங்கே நம் அரபு நாட்டுச் சகோதரர்களுக்குத்தான் பெரிய அநீதி நடந்திருக்கிறது. எரிகிற வெயிலில் சம்பாதித்ததை ஊருக்கு அனுப்பி, ஒரு வீடோ இரண்டு கடையோ வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள்.

2024 ஜூலை 23 பட்ஜெட்டுக்கு முன்பு, நீண்ட காலம் வைத்திருந்த சொத்தை விற்றால், விலைவாசி ஏற்றத்துக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்திக் கணக்கிட்டு, மிச்ச லாபத்துக்கு 20 சதவீத வரி கட்டினால் போதும். அந்த உயர்த்தும் முறையை எடுத்துவிட்டு, லாபம் முழுவதற்கும் 12.5 சதவீதம் என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியது. உடனே, அந்தத் தேதிக்கு முன் வாங்கிய சொத்துக்குப் பழைய முறை, புதிய முறை இரண்டில் எதில் வரி குறைவோ அதைக் கட்டலாம் என்று இறங்கி வந்தார்கள். யாருக்கு? நாட்டில் வசிப்பவருக்கு மட்டும்! வெளிநாட்டில் வசிப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஒரே தகப்பனுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகள். 2004-05இல் ஆளுக்கு 20 லட்சத்துக்குப் பக்கத்துப் பக்கத்துக் கடை வாங்கினார்கள். 2024 டிசம்பரில் இருவரும் ஆளுக்கு 70 லட்சத்துக்கு விற்கிறார்கள். ஊரில் இருக்கும் பிள்ளைக்கு அரசின் குறியீட்டு எண் படி (113லிருந்து 363) வாங்கிய விலை சுமார் 64 லட்சத்து 25 ஆயிரமாகக் கணக்காகும். லாபம் 5 லட்சத்து 75 ஆயிரம். வரி 1 லட்சத்து 15 ஆயிரம். துபையில் இருக்கும் பிள்ளைக்கோ லாபம் 50 லட்சம், வரி 6 லட்சத்து 25 ஆயிரம்! ஒரே சுவர், ஒரே விலை. ஐந்து லட்சத்துக்கு மேல் வித்தியாசம். இவன் செய்த குற்றம் என்ன? பிழைக்கப் போனதா?

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். விலை பல மடங்கு ஏறிய சொத்துக்குப் புதிய முறையிலேயே வரி குறையும். 5 லட்சத்துக்கு வாங்கியது 70 லட்சத்துக்குப் போனால் 12.5 சதவீதம்தான் லாபம். விலை மெதுவாக ஏறிய சிற்றூர்ச் சொத்துக்காரர்தான் மாட்டிக் கொள்கிறார்.

வாடகையிலும் இதே பாரபட்சம்தான். நான் மேலே சொன்ன 12 லட்சம் விலக்கு வெளிநாட்டில் வசிப்பவருக்கு இல்லை. அவருக்கு வரியில்லாத எல்லை 4 லட்சம்தான். அதுமட்டுமல்ல, வெளிநாட்டில் இருப்பவரின் கடையையோ வீட்டையோ வாடகைக்கு எடுத்திருப்பவர், வாடகை கொடுக்கும்போதே செஸ்ஸையும் சேர்த்து 31.2 சதவீதத்தைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். ரூ.15,000 வாடகையில் ரூ.4,680. வியாபாரிகளே, உங்கள் கடை முதலாளி சவூதியில் இருக்கிறாரா? பிடித்தம் செய்யாவிட்டால் நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும். பிடித்தம் செய்தால் முதலாளி, "என் வாடகையில் கை வைக்கிறாயா?" என்று கோபப்படுவார். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள். முதலாளிக்கு வேறு வருமானம் இங்கே இல்லையென்றால் ரிட்டர்ன் போட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கலாம். முன்கூட்டியே விண்ணப்பித்துக் குறைந்த பிடித்தத்துக்குச் சான்றிதழும் வாங்கலாம்.

கடை வாடகை ஜி.எஸ்.டி. விஷயத்தில் நடந்த கூத்தையும் மறந்திருக்க மாட்டீர்கள். 2024 அக்டோபர் 10 முதல், கட்டட உரிமையாளர் பதிவு செய்யாதவராக இருந்தாலும் கடை நடத்துபவர் பதிவு செய்தவராக இருந்தால், வாடகைக்கு 18 சதவீதத்தைக் கடைக்காரரே கட்ட வேண்டும் என்றார்கள். முழுக் கணக்கு வைப்பவர் அதைத் தன் வரியில் கழித்துக் கொள்வார். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு வியாபாரிக்கு அந்த வழியில்லை. ரூ.20,000 வாடகைக்கு மாதம் 3,600 கைப்பணம்! நாடெங்கும் வியாபாரிகள் கூச்சல் போட்ட பிறகு, 2025 ஜனவரி 16 முதல் காம்போசிஷன்காரர்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இதுவும் ஓர் அத்தாட்சி. இடைப்பட்ட மூன்று மாதத்தில், வாடகையைக் கொஞ்சம் குறைத்துக் கொண்ட கட்டட முதலாளிகள் நம் ஊரில் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிக் கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து ஒருவர்.

சரி, வட்டியும் வேண்டாம், முழுப் பணமும் இல்லை, என்ன செய்வது?

கூட்டாக வாங்குங்கள். ஷிர்கத் என்று மதரஸாவில் வருடக் கணக்கில் ஓதுகிறோமே, அது கிதாபில் மட்டும் இருப்பதற்கா? அண்ணன் தம்பி நான்கு பேர் ஆளுக்கு 15 லட்சம் போட்டு அதே 60 லட்சம் பிளாட்டை வாங்கலாம். பத்திரத்தில் நான்கு பேர் பெயரும் வர வேண்டும். இன்னாருக்கு இத்தனை பங்கு என்று தெளிவாக எழுதப்பட வேண்டும். அப்படி எழுதிவிட்டால் வாடகை வருமானம் அவரவர் பங்குக்குத் தனித்தனியாகவே வரிக் கணக்கில் வரும். 1,80,000 வாடகையில் ஆளுக்கு 45,000. அதில் 30 சதவீதக் கழிவு போக 31,500. இதில் வட்டி எங்கே வந்தது?

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? நாலு பேர் பணம், ஒருவர் பெயரில் பத்திரம்! "என் தம்பிதானே, ஏமாற்றவா போகிறான்" என்கிறோம். தம்பி ஏமாற்ற மாட்டார். தம்பி மவுத்தானால்? தம்பியின் மனைவி மக்களுக்கு வாரிசுரிமை வரும்போது உங்கள் பங்கு எங்கே இருக்கிறது என்று யார் சாட்சி சொல்வது? கடனையே எழுதி வைக்கச் சொல்கிறது அல்பகரா அத்தியாயத்தின் 282வது வசனம். சொத்தை எழுதாமல் விடலாமா? சட்டமும் சும்மா இல்லை. 2016 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பினாமி சட்டத் திருத்தத்தின்படி, தன் கணக்கில் வந்த பணத்தில் மனைவி, பிள்ளை பெயரில் வாங்கினால் விலக்கு உண்டு. சகோதரர் பெயரில் வாங்கினால், பத்திரத்தில் உங்கள் பெயரும் சேர்ந்திருந்தால்தான் விலக்கு. இல்லையென்றால் அது பினாமி. சொத்தையே பறிமுதல் செய்யலாம்.

வட்டியில்லாமல் வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு, கைப்பணம் போதாததற்கு அதே வீட்டை ஒத்திக்கு விட்டுப் பெருந்தொகை வாங்கும் வழக்கமும் நம் ஊர்களில் இருக்கிறது. கொடுத்த பணம் முழுதாகத் திரும்பி வரும், அதுவரை வாடகை இல்லாமல் குடியிருக்கலாம் என்றால், கடனுக்குப் பயன் அடைவதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு? இதைத் தனியாகவே எழுத வேண்டும், இன்ஷா அல்லாஹ். (கட்டடத்தின் மதிப்புக்கு ஜகாத் இல்லை, மிச்சமாகி வருடம் நிற்கும் வாடகைப் பணத்துக்குத்தான் ஜகாத். வரி கட்டிவிட்டேன் என்று அதைத் தட்டிக் கழிக்க முடியாது.)

அந்தத் தம்பி கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "நிர்ப்பந்தத்துக்கு ஹராமும் ஆகும் என்று சட்டம் இருக்கிறதே ஹஜ்ரத்?" இருக்கிறது. ஒழுகுகிற கூரைக்குக் கீழ் பிள்ளைகளோடு இருப்பவர் கேட்டால், அவரோடு உட்கார்ந்து அழுதுவிட்டு வழி தேடுவேன். இருக்க வீடு இருந்து, இரண்டாவதாக வாடகைக்கு விட ஒன்று வாங்குவதில் எங்கே இருக்கிறது நிர்ப்பந்தம்? வட்டி வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சி நிற்பவர் எல்லோரும் பாவத்தில் சமம் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கும்போது, அந்தச் சபையில் பிளாட்டுக்காகப் போய் உட்கார வேண்டுமா? அவர் தலையைக் குனிந்து கொண்டார். நானும் அதற்கு மேல் பேசவில்லை.

ஆட்சியாளர்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டும். வட்டியில்லா நிறுவனம் ஒன்று வீட்டை வாங்கி, லாபம் வைத்து நமக்கு விற்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு வீடு, இரண்டு கிரயம். தமிழ்நாட்டில் 2023 முதல் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 9 சதவீதம். இரண்டு கிரயத்துக்கு இரண்டு 9! 60 லட்சம் வீட்டுக்கு 5 லட்சத்து 40 ஆயிரம் கட்ட வேண்டிய இடத்தில் குறைந்தது 10 லட்சத்து 80 ஆயிரம். வட்டிக் கடனுக்கு ஒரே கிரயம். மார்க்கத்தைப் பேணுபவனுக்கு இரட்டை அபராதம்! இங்கிலாந்தில் இதே இரட்டைத் தீர்வையை, முஸ்லிம்கள் எடுத்துச் சொன்னபின், 2003 நிதிச் சட்டத்தில் நீக்கினார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நமது அமைப்பின் கிளைகளில் இரண்டு மனுக்கள் தயாராக இருக்கின்றன. சொத்து விற்பனையில் வெளிநாட்டுவாழ் இந்தியருக்கும் பழைய முறை, புதிய முறை இரண்டில் ஒன்றைத் தேர்ந்து கொள்ளும் உரிமை கேட்டு, நாடாளுமன்ற உறுப்பினர்கள் வழியாக நிதியமைச்சருக்கு ஒன்று. வட்டியில்லா வீட்டு வசதிக்கு இரண்டாவது கிரயத்தின் தீர்வையை நீக்கக் கோரி மாநில அரசுக்கு ஒன்று. அரபு நாட்டில் இருக்கும் சகோதரர்களுக்காக ஊரில் உள்ள தகப்பனாரோ சகோதரரோ கையெழுத்திடலாம். 2024 ஜூலைக்குப் பிறகு சொத்து விற்று அதிக வரி கட்டியவர்கள், கட்டிய தொகையை ஒரு தாளில் எழுதிக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். பத்திர நகல் தேவையில்லை, வாங்கிய வருடமும் விலையும், விற்ற தேதியும் விலையும் இருந்தால் போதும்.